ப்ரோக்கோலிய ஃப்ரிட்ஜ்ல மஞ்சளாக விடாம சமைச்சு முடிக்கிறது எப்படி

மொதல்ல எந்திரிச்சு போயி உங்க ஃப்ரிட்ஜ்ல கீழ இருக்கற காய் ட்ரேய இழுத்துப் பாருங்க. போன வாரம் டயட்டு இருக்கப் போறோம்னு சபதம் போட்டு வாங்குன ப்ரோக்கோலி சுத்துன பிளாஸ்டிக் பேப்பரக்கூட பிரிக்காம, உச்சில லேசா மஞ்சள் தட்டி ஒரு மூலைல உக்காந்திருக்கா? எங்க வீட்லயும் ரொம்ப நாள் இதே கதைதான். வாங்கும்போது இருக்கற ஆர்வம் சமைக்கும்போது இருக்காது, ஏன்னா இத என்ன பண்றதுன்னு நமக்கு கைப்பழக்கம் கெடையாது, யூட்யூப்ல பாத்தா ஒருத்தர் சீஸ் போடுறாரு இன்னொருத்தர் ஓவன்ல வெக்கறாரு, நம்ம வீட்ல இருக்கறது ரெண்டு பர்னர் அடுப்பு, ஒரு இரும்புச்சட்டி, ஒரு இட்லி குண்டா.

அது போதும். அத வெச்சுதான் இந்த மொத்த பதிவும்.

முதல்ல அந்த மஞ்சள் என்னன்னு சொல்லிடறேன், அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ப்ரோக்கோலில நாம திங்கறது பூ மொட்டு. பொடிப்பொடியா பச்சையா தெரியுதே, அது ஒவ்வொண்ணும் ஒரு மொட்டு. விட்டா மலர்ந்து கடுகுப் பூ மாதிரியே மஞ்சளா நிக்கும், ஏன்னா இது கடுகு குடும்பம்தான். முட்டைகோஸ், காலிஃப்ளவர், நூக்கல், ப்ரோக்கோலி நாலும் பேருதான் வேற, தாவரவியல்படி ஒரே இனம், ப்ராஸிகா ஒலரேசியான்னு பேரு. ஒண்ணுல இலைய வளத்தாங்க, ஒண்ணுல தண்ட வளத்தாங்க, இதுல மொட்ட வளத்தாங்க, அவ்ளோதான். ஊரு இத்தாலிப் பக்கம், பேரும் இத்தாலி மொழிலருந்து வந்ததுதான்.

இத நான் எங்க அத்தைகிட்ட சொன்னப்ப, அதுவரைக்கும் "அது என்னமோ மரக்கிளைய முறிச்சு வெச்சாப்ல இருக்குது கண்ணு, எனக்கு வேண்டாம்"னுட்டு இருந்தவங்க, "கோஸு சாதின்னா மொதல்லயே சொல்றதுக்கென்ன, கோஸ் பொரியல் வெக்கத் தெரியாதவ யாரு இருக்கா"ன்னு கரண்டிய வாங்கிட்டாங்க. அங்கதான் எனக்கும் புரிஞ்சுது, இதுக்கு புது சமையல் எதுவும் கத்துக்க வேண்டியதில்ல, கோஸுக்கும் காலிஃப்ளவருக்கும் செய்யறத செய்யணும், ஆனா நேரத்த பாதியாக்கணும், தண்ணிய சுத்தமா கொறைக்கணும். இந்த ரெண்டு விஷயத்துலதான் எல்லாரும் கோட்ட விடறோம்.

வாங்கும்போது

கோயமுத்தூர்ல எங்களுக்கு நீலகிரி காய் மேட்டுப்பாளையம் வழியா வந்துரும், அதனால சூப்பர்மார்க்கெட்டுக்குதான் போகணும்னு இல்ல, உழவர் சந்தைலயே சில நாள் கெடைக்கும். எங்க வாங்குனாலும் கைல எடுத்துப் பாருங்க, பாக்கறதுக்கு சின்னதா இருந்தாலும் கனமா இருக்கணும். மொட்டெல்லாம் நெருக்கமா, கரும்பச்சையா, சிலதுல லேசா ஊதா ஓடியிருக்கும், அதெல்லாம் நல்லதுதான். விரலால மெதுவா தடவுனா பொல பொலன்னு கொட்டுச்சுன்னா வேண்டாம். அடுத்தது அடித்தண்டு, வெட்டுன எடம் ஈரமா இளம்பச்சையா இருந்தா புதுசு, காஞ்சு வெடிச்சு பழுப்பா இருந்தா பழசு. தண்டு நடுவுல ஓட்டை இருந்தா பூச்சின்னு பயப்படாதீங்க, செடி வேகமா வளந்தாலோ மண்ணுல போரான் சத்து கொறைஞ்சாலோ அப்படி ஆகும், உள்ள அழுகல் இல்லேன்னா தாராளமா சாப்பிடலாம். பிளாஸ்டிக் சுத்தி வெச்சது வாங்குனா உள்ள தண்ணி முத்து முத்தா கோத்திருக்கான்னு பாருங்க, இருந்தா ரெண்டு நாள்ல கொழகொழன்னு ஆயிடும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த பேப்பர உரிச்சுட்டு, கழுவாம, லேசா ஈரம் பண்ணின பருத்தித் துணில சுத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. மூணு நாலு நாள் தாங்கும். ஆப்பிள், வாழப்பழம், தக்காளி பக்கத்துல மட்டும் வைக்காதீங்க, பழுக்கற பழத்துலருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், அது பட்டா இது சீக்கிரம் மஞ்சளாயிடும். எங்க வீட்ல ஒரே ட்ரேல ஆப்பிளையும் இதையும் போட்டு வெச்சுட்டு கடைக்காரர திட்டிட்டு இருந்தேன், தப்பு எம்மேலதான். லேசா மஞ்சள் தட்டினது விஷம் ஒண்ணும் இல்ல, கொஞ்சம் கசக்கும், மொட்டு லூஸா இருக்கும், அத சூப்புக்கு வெச்சுக்கலாம். நாத்தம் வந்தா, கொழகொழன்னு இருந்தா குப்பைக்கு.

புழு விஷயம்

இத மறைச்சு பேசி பிரயோஜனம் இல்ல. கோஸ் குடும்பத்துக்கே புழு பிடிக்கும், அதுவும் இதுல வர்ற புழு ப்ரோக்கோலி கலர்லயே இருக்கும், மொட்டுக்கடில காம்போட காம்பா ஒட்டிட்டு படுத்திருக்கும், கண்ணாடி போட்டு பாத்தாலும் தெரியாது. அதனால முழுசா கழுவறது வேஸ்ட். மொதல்ல பெரிய பெரிய கொத்தா பிரிச்சுட்டு, ஒரு அகலமான பாத்திரத்துல வெதுவெதுப்பான தண்ணி, ஒரு கைப்பிடி கல்லுப்பு, அர ஸ்பூன் மஞ்சத்தூள் போட்டு, கொத்துகள தலைகீழா, அதாவது மொட்டு தண்ணிக்குள்ள முங்கற மாதிரி கவுத்து பத்து நிமிஷம் விடுங்க. இருந்தா வெளிய வந்து மெதக்கும். தண்ணி கொதிக்க கொதிக்க இருக்கக் கூடாது, புழு உள்ளயே செத்து அங்கயே தங்கிரும், அது இன்னும் மோசம். அப்பறம் நல்ல தண்ணில ரெண்டு தடவ அலசி, ஒரு வடிதட்டுல தலைகீழா கவுத்து வைங்க. இந்த மொட்டுக்குள்ள பஞ்சு மாதிரி தண்ணி நிக்கும், அது வடியாம சட்டில போட்டீங்கன்னா வதங்காது, வேகும், அப்பறம் "எனக்கு மட்டும் சொதசொதன்னு வருது"ன்னு கேப்பீங்க. நேரம் இருந்தா ஒரு துணில பரப்பி பத்து நிமிஷம் ஃபேனுக்கடில விட்டுருங்க.

நறுக்கறதுல ஒரே ஒரு சூட்சுமம். கத்திய மொட்டு மேல வெக்காதீங்க. மொட்டு மேல வெட்டுனா பலகை பூரா பச்சை ரவை கொட்டுன மாதிரி ஆயிடும். காம்புப் பக்கம் பாதி வரைக்கும் கத்திய விட்டுட்டு மீதிய கையால பிரிச்சு இழுங்க, மொட்டு அழகா ரெண்டா பிரியும். எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கட்டும், ஒண்ணு எலந்தப்பழம் சைஸ் ஒண்ணு எலுமிச்சம்பழம் சைஸ்னு இருந்தா சின்னது கருகிடும், பெருசு வேகாது.

அப்பறம் அந்த அடித்தண்டு. தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க. என்னக் கேட்டா இந்தக் காய்லயே ருசியான பாகம் அதுதான். காசு குடுத்து வாங்குனதுல எடைல பாதி கிட்ட அதுதான் இருக்கு, அத குப்பைல போட்டுட்டு விலை ஜாஸ்தின்னு பொலம்பறது நியாயமே இல்ல. மேல் தோலு தடிமனா நாரா இருக்கும், கத்தியால அடிலருந்து மேல இழுத்தா உரிஞ்சு வரும், வெள்ளை நாரு தெரியாம போற வரைக்கும் சீவிடுங்க. உள்ள இளம்பச்சைல கண்ணாடி மாதிரி ஒரு குச்சி மிஞ்சும், அப்படியே நூக்கல் ருசி, கொஞ்சம் இனிப்பு தூக்கலா. எங்க பையன் மொட்ட தொட மாட்டான், ஆனா நான் தண்டு சீவும்போது பக்கத்துல வந்து நின்னு, மாங்கா மாதிரி உப்பு மொளகாத்தூள் தொட்டு பச்சையாவே தின்னுட்டுப் போவான், நானும் இது ப்ரோக்கோலின்னு சொல்லிக்கறதில்ல.

எவ்ளோ நேரம்

இங்கதான் விஷயமே இருக்கு. நான் மொத தடவ பண்ணது குக்கர்ல ரெண்டு விசில். தொறந்தா வீடு பூரா ஒரு நாத்தம், உள்ள ராணுவ யூனிஃபார்ம் கலர்ல ஒரு கூழ். அப்பறம்தான் ஏன் எதுக்குன்னு தேடிப் படிச்சேன். சூடு பட்டதும் மொத ஒரு நிமிஷத்துல பச்சை இன்னும் பளிச்சுன்னு ஆகும், செல்லுக்கு நடுவுல இருக்கற காத்து வெளிய போறதால அப்படி தெரியுது. அதுதான் நல்ல நேரம். அஞ்சாறு நிமிஷத்த தாண்டுச்சுன்னா காய்க்குள்ள இருக்கற அமிலம் பச்சையத்துல இருக்கற மெக்னீசியத்த வெளிய தள்ளிரும், கலர் மங்கி காக்கி அடிக்கும். அதே நேரத்துல கந்தக வாசனையும் கெளம்பும், கோஸ் ரொம்ப வெந்தா வருமே அதே வாசனைதான். மூடி போட்டு வெச்சா அந்த ஆவியெல்லாம் உள்ளயே சுத்தி இன்னும் மோசமாகும். அதனால மூணுலருந்து அஞ்சு நிமிஷம், முடிஞ்ச வரைக்கும் மூடி இல்லாம. புளி, தக்காளி, எலுமிச்ச, தயிர் எதுவா இருந்தாலும் கடைசில, அடுப்ப அணைச்சப்பறம். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டா பச்சையா இருக்கும்னு சொல்லுவாங்க, இருக்கும்தான், ஆனா காய் கொழகொழன்னு ஆயிடும், வைட்டமினும் போயிடும்.

தனியா வேக வெக்கணும்னா இட்லி குண்டாதான் பெஸ்ட். தண்ணி நல்லா கொதிச்சு ஆவி வந்தப்பறம் தட்டுல கொத்துகள அடுக்கி மூணு நிமிஷம், பெருசா இருந்தா நாலு. குண்டாவ மூடாம ஆவில வேகாதுங்கறதால இதுக்கு மட்டும் மூடி வேணும், நேரம் ஆனதும் உடனே தொறந்து எடுத்துருங்க. தண்ணில போட்டு கொதிக்க வெச்சா வைட்டமின் சி தண்ணியோட போயிடும். நூறு கிராம் பச்சை ப்ரோக்கோலில கிட்டத்தட்ட 90 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கு, ஆரஞ்சுல இருக்கறத விட அதிகம், அத சிங்க்ல ஊத்தறதுக்கா இந்த விலை குடுத்தோம்? வெந்துச்சான்னு பாக்க கத்தி முனைய காம்புல குத்துங்க. உள்ள போகணும், ஆனா கொஞ்சம் அடம் பிடிச்சுட்டு போகணும். வெண்ணெய்ல எறங்கற மாதிரி எறங்குனா லேட்டு.

பொரியல்

ஆரம்பிக்கறவங்க இதுலருந்து ஆரம்பிங்க. முந்நூறு முந்நூத்தம்பது கிராம் இருக்கற ஒரு பூ, மூணு பேருக்கு வரும். தண்ட சீவி பொடியா நறுக்கி தனியா வைங்க, கொத்த சுண்டு விரல் நுனி அளவுக்கு பிரிச்சு தனியா வைங்க.

சட்டில ரெண்டு ஸ்பூன் தேங்காண்ணெய், அர ஸ்பூன் கடுகு, அது வெடிச்சதும் ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, செவந்ததும் ரெண்டு வரமொளகா கிள்ளி, கருவேப்பில, ஒரு சிட்டிகை பெருங்காயம். எட்டு பத்து சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் வதக்குங்க. இப்ப தண்டு மட்டும் போட்டு ரெண்டு நிமிஷம். அப்பறம் கொத்து எல்லாம் போட்டு தீய கூட்டி வைங்க. கூட்டித்தான் வெக்கணும், சிம்ல வெச்சா தண்ணி விட்டுக்கும். தண்ணி தெளிக்காதீங்க, கோஸ் பொரியலுக்கு கை நெறைய தெளிச்சு தட்டு போட்டு மூடற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு, கை தன்னால போகும், பிடிச்சு நிறுத்துங்க. கரண்டியால கிண்டிட்டே இருக்காம முப்பது செகண்டுக்கு ஒருக்கா பொரட்டி விட்டா போதும். மூணு நிமிஷம் ஆனதும் உப்பு. உப்ப முன்னாடியே போட்டா தண்ணி கக்கும், அதனால கடைசி. உப்பும் கொறைச்சுப் போடுங்க, ஊற வெச்ச தண்ணில ஏற்கனவே கொஞ்சம் இருக்கு. ஒரு பொரட்டு பொரட்டி அடுப்ப அணைச்சுட்டு மூணு டேபிள்ஸ்பூன் தேங்கா துருவல் தூவி, உடனே வேற பாத்திரத்துக்கு மாத்திருங்க. இந்த மாத்தற வேலைய சோம்பேறித்தனம் பட்டு விட்டுறாதீங்க, இரும்புச்சட்டி அடுப்ப அணைச்சப்பறமும் அஞ்சு நிமிஷம் சூடாவே இருக்கும், பளிச்சுன்னு எறக்குனது நீங்க சாப்பாடு போடறதுக்குள்ள காக்கியா நிக்கும்.

டிபன் பாக்ஸுக்கு கட்டறவங்களுக்கு ஒரு விஷயம். சூடா போட்டு மூடிய இறுக்கி அனுப்பாதீங்க. மத்தியானம் தொறக்கும்போது வர்ற வாசனைக்கு பக்கத்து சீட்டுக்காரங்க திரும்பிப் பாப்பாங்க. தட்டுல பரப்பி ஆற வெச்சுட்டு கட்டுங்க.

தோசைக்கல்லு வறுவல்

எனக்கு பிடிச்சது இதுதான். ஓவன் வெச்சிருக்கறவங்க ரோஸ்ட் பண்ணுவாங்களே, அந்த ருசி அப்படியே நம்ம இரும்பு தோசைக்கல்லுல வரும். கொத்த பெருசா விட்டு, நடுவுல நீளவாக்குல ரெண்டா பிரிச்சுக்கங்க, ஒரு பக்கம் தட்டையா இருக்கணும், அதான் முக்கியம். ஈரம் சுத்தமா இருக்கக் கூடாது. கல்லு நல்லா காஞ்சதும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் தடவி, தட்டைப் பக்கம் கல்லுல படற மாதிரி ஒவ்வொண்ணா அடுக்குங்க, ஒண்ணு மேல ஒண்ணு குமிக்காதீங்க. சொர்ருன்னு சத்தம் வரும். இப்ப கைய கட்டிட்டு நில்லுங்க. கிண்டாதீங்க, நகத்தாதீங்க, எட்டிப் பாக்காதீங்க. ரெண்டர மூணு நிமிஷம் கழிச்சு ஒண்ண மட்டும் தூக்கிப் பாத்தா அடில தோசை மாதிரி செவந்து, அங்கங்க கருப்பா புள்ளி விழுந்திருக்கும், அந்த கருப்பு புள்ளில ஒரு இனிப்பு இருக்கு பாருங்க, கசப்பெல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது. திருப்பிப் போட்டு இன்னும் ஒண்ணர நிமிஷம். அப்பறம் நாலு பல்லு பூண்ட தட்டி, ஓரத்துல ஒரு அர ஸ்பூன் எண்ணெய் விட்டு அதுல போடுங்க. பூண்ட மொதல்லயே போட்டா கருகி கசக்கும். பூண்டு வாசம் வந்ததும் எல்லாத்தையும் ஒண்ணா பொரட்டி, இடிச்ச மொளகு முக்கா ஸ்பூன், உப்பு, எறக்கிட்டு எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு. ரசம் சாதத்துக்கு இத விட நல்ல தொட்டுக்கை எனக்கு தோணல, அப்பளத்துக்கு பதிலா போட்டேன்னா கேள்வியே வராது.

தண்டு கூட்டு

தண்டு ரெண்டு மூணு சேந்துருச்சுன்னா இது. கால் கப் பாசிப்பருப்ப மஞ்சத்தூள் போட்டு தனியா வேக வெச்சு மசிச்சுக்கங்க. தண்ட நூக்கலுக்கு நறுக்கற மாதிரி சதுரமா நறுக்கி, அது முங்கற அளவு தண்ணில அஞ்சு நிமிஷம் வேக விடுங்க, தண்டு கெட்டி ஆனதால அஞ்சு நிமிஷம் தாங்கும், அந்த தண்ணிய கூட்டுலயே விட்டுருங்க. மூணு ஸ்பூன் தேங்கா, அர ஸ்பூன் சீரகம், ரெண்டு பச்சமொளகா அரைச்சு ஊத்தி, பருப்ப சேத்து ஒரு கொதி, உப்பு, கடுகு கருவேப்பில தாளிப்பு. சொல்லாம போட்டா நூக்கல் கூட்டுன்னுதான் சாப்பிடுவாங்க.

நாகர்கோவில் கிச்சடி மாதிரி ஒண்ணு

எங்க அம்மா வீடு நாகர்கோவில் பக்கம். அங்க கிச்சடின்னா ரவா கிச்சடி இல்ல, வெள்ளரிக்கா இல்லேன்னா வெண்டக்காய தேங்கா, பச்சமொளகா, பச்சைக் கடுகு சேத்து அரைச்சு தயிர்ல போடறது, கல்யாண வீட்டு இலைல ஓரத்துல வெப்பாங்க. இத நான் ப்ரோக்கோலில பண்றதுக்கு ருசி போக இன்னொரு காரணமும் இருக்கு, கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

ப்ரோக்கோலிக்கு இவ்ளோ பேரு வந்ததே சல்ஃபோராஃபேன்னு ஒரு பொருளாலதான். 1992ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல பால் டலாலேங்கறவரோட குழு அத ப்ரோக்கோலிலருந்து பிரிச்சு எடுத்து, உடம்புல நச்ச வெளியேத்தற என்சைம்கள அது தூண்டி விடுதுன்னு காட்டுனாங்க, அதுக்கப்பறம்தான் டயட் சார்ட் எழுதறவங்க எல்லாரும் இத பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா அது காய்ல ரெடியா இருக்கறதில்ல. நறுக்கும்போது, கடிக்கும்போது செல்லு உடைஞ்சு மைரோசினேஸ்னு ஒரு என்சைம் வெளிய வந்து வேல செஞ்சாதான் உருவாகும். ரொம்ப சூடு பண்ணா அந்த என்சைம் செத்துரும். அதனால நறுக்கி ஒரு அர மணி நேரம், நாப்பது நிமிஷம் அப்படியே விட்டுட்டு சமைங்கன்னு சொல்றாங்க, அதுக்குள்ள வேண்டியது உருவாயிடும். இன்னொரு வழி, வெந்த ப்ரோக்கோலி மேல பச்சைக் கடுகு பொடி கொஞ்சம் சேக்கறது. கடுகும் அதே குடும்பம்ல, அதுலயும் அதே என்சைம் இருக்கு. தாளிச்ச கடுகு இதுக்கு ஆகாது, எண்ணெய் சூட்டுல என்சைம் போயிடும். பச்சைக் கடுகுதான். இத படிச்சப்ப எனக்கு எங்க அம்மாவோட கிச்சடிதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்காக இது நோய குணப்படுத்தும்னு எல்லாம் நான் சொல்ல வரல, அத சொல்ற வாட்ஸப் மெசேஜ நம்பவும் நம்பாதீங்க. காய் நல்ல காய், அவ்ளோதான்.

செய்முறை இதான். கொத்த பொடியா நறுக்கி இட்லி குண்டாவுல மூணு நிமிஷம் ஆவி காட்டி, நல்லா ஆற வைங்க. கால் கப் தேங்கா, ரெண்டு பச்சமொளகா கொஞ்சமா தண்ணி விட்டு நைசா அரைச்சு, கடைசியா அர ஸ்பூன் கடுகு போட்டு ரெண்டே சுத்து. கடுக நைசா அரைச்சா கசந்துரும், ஒண்ணு ரெண்டா உடைஞ்சா போதும். வழக்கமா அரைச்சத காயோட சேத்து ஒரு கொதி விடுவாங்க, இதுல அது வேண்டாம். ஒரு கப் புளிக்காத கெட்டித் தயிர்ல எல்லாத்தையும் கலந்து, உப்பு போட்டு, மேல தேங்காண்ணெய்ல வரமொளகா கருவேப்பில தாளிச்சு ஆற வெச்சு ஊத்துங்க. பத்து நிமிஷம் கழிச்சு சாப்பிடுங்க, கடுகு காரம் மூக்குல லேசா ஏறும்.

பிள்ளைங்களுக்கு

சாப்பிட மாட்டேங்கறாங்கன்னு அடிக்காதீங்க. சில பேருக்கு கோஸ் குடும்பத்து கசப்பு பிறவிலயே மத்தவங்கள விட தூக்கலா தெரியும், அது மரபணு சமாச்சாரம், பிடிவாதம் இல்ல. 1990ல அமெரிக்க அதிபரா இருந்த அப்பா புஷ்ஷே, சின்ன வயசுல எங்க அம்மா திங்க வெச்சாங்க, இப்ப நான் அதிபர், இனிமே ப்ரோக்கோலி தொட மாட்டேன்னு பத்திரிகைக்காரங்க முன்னாடி சொல்லிட்டாரு, அத கேட்டு விவசாயிங்க டன் கணக்குல ப்ரோக்கோலிய வாஷிங்டனுக்கே அனுப்பி வெச்சாங்க. அந்த வயசுலயும் மாறாதவங்க இருக்காங்க, ஆறு வயசுப் புள்ளய என்ன சொல்றது.

துருவிப் போடறதுதான் ஈஸி வழி. பச்சையா கேரட் துருவற கட்டைல துருவி, அடை மாவுல ஒரு கைப்பிடி, இல்லேன்னா சப்பாத்தி மாவு பிசையும்போது உப்பு, ஓமம், மொளகாத்தூளோட சேத்து பிசையலாம். துருவல்லருந்து தண்ணி விடும், அதனால மாவுக்கு தண்ணி பாத்து ஊத்துங்க, பிசைஞ்சதும் உடனே தேச்சுருங்க, வெச்சிருந்தா மாவு எளகிரும். முட்ட சாப்பிடற வீடா இருந்தா இன்னும் சுலபம், வெங்காயம் பச்சமொளகா வதக்கி, துருவல் போட்டு ரெண்டு நிமிஷம், மூணு முட்டைய ஒடச்சு ஊத்தி கிளறுனா பொடிமாஸ், மொளகுத்தூள் தூக்கலா.

சாம்பார்ல போடலாமான்னு கேப்பீங்க. போடலாம், ஆனா மொட்டு வேண்டாம், புளில கலர் போயி மொட்டெல்லாம் கரைஞ்சு சாம்பார் பூரா பச்சைத் தூளா மெதக்கும், தண்டு மட்டும் போடுங்க. ப்ரோக்கோலி 65ம் பண்ணிப் பாத்தாச்சு. அந்த மொட்டு எண்ணெய பஞ்சு மாதிரி குடிக்குது, கடிச்சா வாய்ல எண்ணெய்தான் வருது. அதுக்கு காலிஃப்ளவரே நல்லாருக்கு, காசும் மிச்சம்.

தெனமும் ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுக்கறவங்க வீட்ல இருந்தா, திடீர்னு தெனம் இத போட ஆரம்பிக்காதீங்க, இதுல வைட்டமின் கே ஜாஸ்தி, மாத்திரையோட வேலைய மாத்தும், டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. தைராய்டு இருக்கறவங்க பச்சையா ஜூஸ் போட்டு குடிக்கறத விட்டுட்டு வேக வெச்சு அளவா சாப்பிடறது நல்லது, சந்தேகம்னா அவங்க டாக்டர்தான். வாயுத் தொல்லை இருந்தா பெருங்காயத்த கூட்டிக்கங்க.

மிஞ்சிப் போச்சா, ரெண்டு பூவா வாங்கிட்டீங்களா, கொதிக்கற உப்புத் தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணில முக்கி, துணில நல்லா ஒத்தி காய வெச்சு, தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல வைங்க, கல்லு மாதிரி ஆனதும் கவர்ல மாத்திக்கங்க. தட்டுல பரப்பாம நேரா கவர்ல போட்டா ஒரே கட்டியா ஒட்டிக்கும், சுத்தியல்தான் வேணும். ஃப்ரீசர்லருந்து எடுத்தது வறுவலுக்கு சரியா வராது, மெத்துன்னு ஆயிடும், சூப்புக்கும் அடைக்கும் ஓகே. சூப்புன்னா பெருசா ஒண்ணும் இல்ல, வெண்ணெய்ல பூண்டு வெங்காயம் வதக்கி, ஒரு சின்ன உருளக்கெழங்க தண்ணில வேக விட்டு, அது வெந்ததும் ப்ரோக்கோலி போட்டு நாலு நிமிஷம், ஆறுனதும் மிக்ஸில அடிச்சு, பால் கொஞ்சம், மொளகு. க்ரீமும் வேண்டாம் சோளமாவும் வேண்டாம், உருளக்கெழங்கே கெட்டி பண்ணிரும். சூடா இருக்கும்போது மிக்ஸில ஊத்தி மூடி போட்டு அடிக்காதீங்க, மூடி பறந்து மிக்ஸிக்கு மேல இருக்கற அலமாரி வரைக்கும் பச்சையாயிடும், எங்க வீட்ல அந்தக் கறை இன்னும் இருக்கு.